மறுபதிப்பில் மாறாதது: காரைக்கால் அம்மையாரின் நூல்களும் மழநாட்டுக் கற்படிகளும்

சமய நூல் எதுவும் எழுதப்பட்ட நாளோடு முடிந்துவிடுவதில்லை. ஓலையிலிருந்து ஓலைக்கும், ஓலையிலிருந்து தாளுக்கும், ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கும் பெயர்த்தெழுதப்படுவதாலேயே அது ஓதுவார் நாவிலும் அடியார் நெஞ்சிலும் நிலைக்கிறது. அவ்வாறு பெயர்த்தெழுதும்போதெல்லாம் எழுத்தின் வடிவம் மாறுகிறது, சந்தி பிரிக்கப்படுகிறது, தலைப்பும் குறிப்புரையும் சேர்கின்றன, பாடலுக்கு முன்னே பாடியவரின் வரலாறு வந்து அமர்கிறது. இத்தனைக்கும் பிறகு வாசகர் கையில் இருப்பது பழைய வாக்குத்தானா என்று கேட்டால், பொது இலக்கியத்தைப் பொறுத்தவரை சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்து ஒருவாறு விடை சொல்லிவிடலாம். திருமுறைகளை இறைவனின் அருள்வாக்காகவே கொள்ளும் சைவத்தில் கேள்வி அவ்வளவில் அடங்குவதில்லை. அங்கே பாடல் அடியாரின் வாயிலிருந்து வந்தாலும் அதன் மூலம் இறையருள் என்று கருதப்படுவதால், பெயர்த்தெழுதுபவர் எதற்கு உண்மையாக இருக்க வேண்டும், எழுத்துக்கா, பொருளுக்கா, பாடியவரின் தன்கூற்றுக்கா, அவரைப் பற்றி மரபு சொல்லிவரும் வரலாற்றுக்கா என்பது சமயக் கேள்வியாகவே எழுகிறது. திருமுறை ஆசிரியர் இருபத்தெழுவருள் ஒரே பெண்ணான காரைக்கால் அம்மையாரின் நூல்கள் இக்கேள்வியை எல்லாவற்றிலும் கூர்மையாக எழுப்புகின்றன. அதற்கு விடை தேடுவதற்கு உதவும் இரண்டு கற்சான்றுகள், பெரம்பலூரும் அரியலூரும் அடங்கிய பழைய மழநாட்டுப் பகுதியில், இன்றைய அரியலூர் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன.

முதற் சான்று கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடியில் கிடைக்கிறது. தேவார மூவரும் பாடிய இத்தலத்தின் வைத்தியநாதர் கோயிலைக் கற்றளியாகப் புதுப்பிக்க முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013 அளவில், ஆணையிட்டபோது, பழைய விமானத்தின் சுவர்களைப் பிரிப்பதற்கு முன் அவற்றில் இருந்த கல்வெட்டுகள் அனைத்தையும் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்யப்பட்டது. புதிய சுவர்கள் எழும்பிய பின், அவன் மகன் முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், 1026 அளவில், அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பழைய வாசகங்கள் மீண்டும் கல்லில் வெட்டப்பட்டன. கல்லிலிருந்து ஏட்டுக்கும் ஏட்டிலிருந்து கல்லுக்கும் ஒரு வாசகம் சென்று திரும்புவதற்கு ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அந்த ஆண்டுகளில் கோயிலின் நில உரிமைகளும் நந்தாவிளக்கு அறங்களும், அதாவது அணையாது எரிய வேண்டிய விளக்குகளுக்காக விடப்பட்ட ஆடுகளும் பொன்னும் பற்றிய உடன்படிக்கைகளும், ஏட்டின் வடிவிலேயே உயிரோடு இருந்தன. சந்திரரும் சூரியரும் உள்ளளவும் நிற்க வேண்டும் என்று சொல்லி விடப்பட்ட அறத்துக்குச் சுவர் இடிவது முடிவாகாது என்ற எண்ணமே இந்தப் பணிக்கு அடிப்படை.

இத்தகைய படிகளை ஆராயும்போது ஒரு செய்தி கவனத்துக்குரியது. அவற்றில் குறிக்கப்படும் அரசனும் ஆட்சியாண்டும் பழைய மூலத்துக்கு உரியவை. எழுத்தின் வடிவமோ படியெடுத்த காலத்துக்கு உரியது. ஆகவே கல்வெட்டறிஞர் ஒருவர் வாசகத்தை ஒரு நூற்றாண்டிலும் எழுத்தை மற்றொரு நூற்றாண்டிலும் வைத்துப் படிக்க நேர்கிறது. பழைய வாசகத்தை இவ்வாறு படியெடுத்துக் காக்கும் முறையை இராசராசனுக்கு முன்பே கைக்கொண்டவர் ஒரு பெண். கண்டராதித்த சோழரின் தேவியும் உத்தம சோழரின் தாயும் மழவரையர் குடியில் பிறந்தவருமான செம்பியன் மாதேவியார், காவிரிக்கரையின் செங்கற்கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றியபோது, திருக்கோடிகாவில் பழைய கற்களில் இருந்த வாசகங்களைப் புதிய சுவரில் வெட்டுவித்ததோடு, அவை பழங்கல்லின் படி என்ற குறிப்பையும் உடன் சேர்க்கச் செய்தார். இந்தக் குறிப்பு சிறியது. ஆயினும் பெயர்த்தெழுதும் அறத்தின் முதல் விதி அதில் அடங்கியிருக்கிறது. படி தன்னை மூலம் என்று சொல்லிக்கொள்ளாமல், தான் படி என்பதை வெளிப்படையாகச் சொல்லி, தனக்கு முன்னே வேறொரு கல் இருந்தது என்பதைப் படிப்பவருக்கு நினைவூட்டுகிறது.

திருமுறைகள் தொகுக்கப்பட்ட வரலாற்றைச் சொல்லும் திருமுறைகண்ட புராணம் இதற்கு மாறான மற்றொரு கருத்தை முன்வைக்கிறது. உமாபதி சிவாசாரியார் இயற்றியதாக வழங்கும் அந்நூலின்படி, இராசராசன் என்று பொதுவாக அடையாளம் காணப்படும் சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் தில்லையில் பூட்டிய அறையைத் திறந்தபோது ஏடுகள் கறையான் புற்றால் மூடப்பட்டிருந்தன. பெரும்பகுதி அழிந்துபோயிருப்பதைக் கண்டு மன்னன் வருந்தியபோது, இக்காலத்துக்கு வேண்டியவை மட்டும் எஞ்சியுள்ளன என்ற பொருள்பட இறைவனின் குரல் எழுந்தது. இழப்புக்கும் தெய்வச் சம்மதம் உண்டு என்பது இதன் உட்கருத்து. பாடல்கள் கிடைத்தும் பண் மறைந்துபோயிருந்ததால், திருஎருக்கத்தம்புலியூரில், அதாவது விருத்தாசலத்துக்கும் செயங்கொண்டத்துக்கும் இடையில் இன்று இராசேந்திரப்பட்டினம் என வழங்கும் ஊரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண்கள் மீட்கப்பட்டன என்றும் அப்புராணம் கூறுகிறது. எழுத்தைக் கறையான் தின்ற இடத்தில் இசையை ஒரு பெண்ணின் நினைவு காத்திருந்தது. எனினும் தொகுத்தவர் பெயரும் தொகுப்பித்தவர் பெயரும் நிலைத்த அளவுக்குப் பண் தந்தவர் நிலைக்கவில்லை, பாணர் குலப் பெண் என்ற அளவிலேயே அவர் நினைவுகூரப்படுகிறார். ஒரே அரசனின் காலத்தோடு இணைத்துச் சொல்லப்படும் திருமழபாடிச் செய்தியையும் தில்லைச் செய்தியையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எஞ்சியது போதும் என்று அமைதி கொள்ளும் புராண நோக்கும், ஒரு வரியும் போகக் கூடாது என்று புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ளும் கோயில் நிருவாக நோக்கும் தமிழ்ச் சைவத்தில் ஒருங்கே இருந்திருப்பது தெரிகிறது. அம்மையாரின் நூல்கள் இவ்விரு நோக்குகளுக்கும் இடையே பயணம் செய்து வந்தவை.

அந்நூல்கள் நான்கு. திருவாலங்காட்டைப் பற்றிய மூத்த திருப்பதிகங்கள் இரண்டு. ஒவ்வொன்றிலும் பதினொரு பாடல்கள், ஒன்று நட்டபாடைப் பண்ணிலும் மற்றொன்று இந்தளப் பண்ணிலும் அமைந்தவை. கட்டளைக் கலித்துறையும் வெண்பாவும் மாறிமாறி வரும் இருபது பாடல்களால் ஆனது திரு இரட்டைமணிமாலை. ஒரு பாடலின் இறுதி அடுத்த பாடலின் தொடக்கமாகத் தொடுக்கப்படும் அந்தாதி முறையில் 101 வெண்பாக்களைக் கொண்டது அற்புதத் திருவந்தாதி. பதிகம் என்ற வடிவத்தைத் தேவார மூவருக்கு முன்பே கையாண்டதாலேயே அவருடைய பதிகங்கள் மூத்த பதிகங்கள் எனப் பெயர்பெற்றன. அவருடைய காலம் பொதுவாக 5 அல்லது 6ஆம் நூற்றாண்டு எனக் கொள்ளப்படுகிறது. பன்னிரு ஆசிரியர்களின் நாற்பது நூல்களைக் கொண்ட பதினொராம் திருமுறையில், திருவாலவாய் இறைவனே எழுதியதாகக் கொள்ளப்படும் திருமுகப்பாசுரத்தை அடுத்து, மனிதர் இயற்றியவற்றுள் முதலாவதாக அவருடைய நூல்களே வைக்கப்பட்டுள்ளன. தொகுத்தவராகக் கருதப்படும் நம்பியாண்டார் நம்பியின் நூல்கள் அத்திருமுறையின் இறுதியில் நிற்கின்றன.

இந்நூல்களுக்குள் அம்மையார் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வது மிகவும் குறைவு. பிறந்து பேச்சுக் கற்ற நாள்தொட்டு இறைவன்மேல் அன்பு வளர்ந்ததையும், அவன் துன்பத்தைத் தீர்க்காவிட்டாலும் இரங்காவிட்டாலும் அந்த அன்பு மாறாது என்பதையும் சொல்கிறார். பாடல் தொகுதியின் இறுதியில், நூலாசிரியர் தம் பெயரைப் பதிக்கும் திருக்கடைக்காப்பு என்னும் முத்திரைப் பாடலில், தம்மைக் காரைக்கால் பேய் என்று குறிக்கிறார். பேய் என்பது இங்கே இழிசொல் ஆகாது. சிவனைச் சூழ்ந்து ஆடும் பூதகணத்துள் ஒருவராகத் தம்மை வைத்துக்கொள்ளும் நிலை அது. மூத்த திருப்பதிகத்தில் வரும் பெண்பேயின் தோற்றம், வற்றிய மார்பும் புடைத்த நரம்பும் குழிந்த வயிறும் நீண்ட கணைக்காலுமாக, ஒப்பனை ஏதுமின்றி விரிகிறது. சுடலையில் நரியும் கூகையும் சூழ, எரியும் பிணங்களுக்கு நடுவே இறைவன் ஆடும் ஆட்டம், கண்முன் கண்டவர் சொல்லும் தெளிவோடு காட்டப்படுகிறது. கணவரோ திருமணமோ மாங்கனியோ இப்பாடல்களில் எங்கும் இல்லை.

அந்த வரலாறு படிப்படியாகச் சேர்ந்தது. திருத்தொண்டர்களின் பெயரை நிரல்படச் சொல்லும் திருத்தொண்டத்தொகையில், திருமழபாடியையும் பாடிய சுந்தரர், அம்மையாரைப் பேயார் என்ற ஒரு சொல்லோடு நிறுத்துகிறார். பத்தாம் நூற்றாண்டின் இறுதியையும் பதினொன்றின் தொடக்கத்தையும் சார்ந்தவராகக் கொள்ளப்படும் நம்பியாண்டார் நம்பி, ஒரே பாடலில், கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து ஏறியதையும், உமை நகைத்ததையும், இறைவன் அம்மை என்று அழைத்ததையும் சொல்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கனின் அவையைச் சார்ந்த சேக்கிழார் பெரியபுராணத்தில் 66 பாடல்களால் முழு வரலாற்றையும் விரிக்கிறார்: வணிகர் தனதத்தனின் மகளாகிய புனிதவதி, பரமதத்தன் என்னும் கணவன், அடியாருக்கு இட்ட கனிக்கு ஈடாக இறைவன் தந்த கனி, அதைக் கண்டு அஞ்சிய கணவன் கடல்வழியே பிரிந்து பாண்டிநாட்டில் வேறு மணம் செய்துகொண்டது, பின்னர் அவளைத் தெய்வமென்று கருதிக் காலில் விழுந்தது, அவனுக்காகச் சுமந்த அழகிய உடலை உதறிப் பேயுருவை அவள் வேண்டிப் பெற்றது. அற்புதத் திருவந்தாதியையும் இரட்டைமணிமாலையையும் அவர் எந்தக் கட்டத்தில் பாடினார் என்பதையும் சேக்கிழாரே நிரல்படுத்துகிறார். அதாவது, பாடல்களிலிருந்து வரலாறு பிறக்க, அந்த வரலாற்றுக்குள் பாடல்களே நிகழ்ச்சிகளாக அமைந்துவிடுகின்றன.

அச்சுக் காலம் இந்த நிலையை உறுதிப்படுத்தியது. ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவி, 1852இல் பெரியபுராணத்தை வசனமாக வெளியிட்டதோடு, பதினொராம் திருமுறையையும் அச்சிட்டார். பின்னர் சைவ சித்தாந்த மகாசமாசமும் தருமபுரம் ஆதீனமும் திருமுறைப் பதிப்புகளைக் கொண்டுவந்தன. புதுச்சேரியில் பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் 1956இல் தொடங்கிய தன் வெளியீட்டு வரிசையின் முதல் நூலாகவே அம்மையாரின் பாடல்களை, காரைவேலனின் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடும் ழான் பிலியோசாவின் முன்னுரையோடும் பதிப்பித்தது. இவர்கள் பணி இல்லையேல் இன்று இப்பாடல்கள் எளிதில் கைக்கு எட்டியிரா. எனினும் தமிழில் பரவலாக வழங்கும் பதிப்புகளில் நூலுக்கு முன் ஆசிரியர் வரலாறு என்ற பகுதியை வைத்து, அதில் சேக்கிழார் சொன்னதைச் சுருக்கித் தருவது நிலைத்த வழக்காகிவிட்டது. வாசகர் முதலில் மாங்கனியைக் கேட்டுவிட்டுப் பிறகே பாடலுக்குள் நுழைகிறார். கணவனால் துறக்கப்பட்டு அழகைத் துறந்த பெண்ணின் குரலாக அவருக்குப் பாடல் ஒலிக்கிறது. அந்தப் பாடலே எழுப்பும் தத்துவக் கேள்வி, வரலாற்றின் உருக்கத்தில் பின்னுக்குப் போகிறது.

அந்தக் கேள்வி இறைவனின் உருவத்தைப் பற்றியது. அற்புதத் திருவந்தாதியின் நடுப்பகுதிக்குச் சற்றுப் பின்னே வரும் ஒரு பாடலில், உருவைக் காணாமலே தாம் அன்று ஆட்பட்டதாகவும், இன்றும் அதைக் காணவில்லை என்றும், உங்கள் இறைவன் எவ்வுருவினன் என்று கேட்பவர்களுக்கு எதைச் சொல்வது என்றும் அம்மையார் இறைவனையே கேட்கிறார். அதே நூலின் வேறொரு பாடல், வெறும் நூலறிவைப் பேசித் திரிவோரை விலக்கிவிட்டு, யார் எந்தக் கோலத்தில் நினைத்துத் தவம் செய்கிறார்களோ அந்தக் கோலமாகவே அவன் வருவான் என்கிறது. வானத்தில் இருக்கிறான், தேவருலகில் இருக்கிறான் என்று பிறர் சொல்வதை மறுக்காமல், தம் நெஞ்சில் இருப்பதாக மட்டும் தம் கூற்றை வைப்பது மற்றொரு பாடல். இன்னொன்றில், அறியும் உயிருக்கும் அறிவித்து நிற்கும் துணைக்கும் அறியப்படும் மெய்ப்பொருளுக்கும் இடையே இறைவனையன்றி வேறொன்றைக் காணாமல், சுடரும் நிலமும் வானும் அவனே என்ற எல்லைக்கு அவர் சென்றுவிடுகிறார். சுடலை ஆட்டத்தை அத்தனை நுணுக்கமாகக் காட்டியவரே உருவைக் காணவில்லை என்றும் சொல்வது முரண் போலத் தோன்றும். ஆட்டம் காணக்கூடியது, ஆடுபவன் எந்த உருவுக்குள்ளும் முழுமையாக அடங்காதவன் என்று கொண்டால் அம்முரண் நீங்குகிறது. ஆனால் அவ்வாறு நீக்கிக்கொள்ளும் வேலையை அம்மையார் செய்யவில்லை, படிப்பவரிடம் விட்டிருக்கிறார்.

பிற்காலச் சைவ சித்தாந்தம் இதற்குத் தெளிவான விடையைக் கட்டமைத்தது. பதி, பசு, பாசம், அதாவது இறைவன், உயிர், உயிரைக் கட்டும் மலம் என்ற மூன்றையும் அனாதியான உண்மைகளாகக் கொள்ளும் அத்தத்துவம், பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் முறைப்பட்ட வடிவம் பெற்றது. அதன்படி இறைவனுக்குச் சொரூபநிலை, தடத்தநிலை என இரண்டு நிலைகள் உண்டு. பெயரும் வடிவும் கடந்து தன்னியல்பில் நிற்பது சொரூபம். உயிர்களின் பொருட்டு உருவமாகவும், உருவும் அருவும் கலந்த இலிங்கமாகவும், அருவமாகவும் நிற்பது தடத்தம். அம்மையார் காணவில்லை என்றது சொரூபத்தை, கண்டு பாடியது தடத்தத்தை என்று பிரித்துவிட்டால் இரு கூற்றுகளும் பொருந்திவிடுகின்றன. அறிபவனும் அறியப்படுவதும் அவனே என்ற கூற்றையும், உயிரும் இறைவனும் ஒரே பொருள் என்பதாகக் கொள்ளாமல், இறைவன் உயிரோடு பிரிப்பின்றிக் கலந்து நிற்கும் அத்துவித நிலையைக் குறித்ததாகச் சித்தாந்தி விளக்குவார். இவ்விளக்கம் நேர்த்தியானது, உள்முரண் அற்றது. ஆயினும் மெய்கண்டாருக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய ஒருவரின் கேள்விக்கு மெய்கண்டாரின் விடையையே பொருளாக அச்சிடும்போது, கேள்வி இருந்த இடத்தில் விடை வந்து அமர்ந்துவிடுகிறது. திருக்கோடிகாவின் படி தன்னைப் படி என்று சொல்லிக்கொண்டது போல, உரையும் தன் காலத்தைச் சொல்லிக்கொண்டு நின்றால் இந்தக் குறை நேராது.

உருவைப் பற்றிய இதே கேள்வியைக் கல்லில் எதிர்கொண்ட இடம் அரியலூர் மாவட்டத்தின் இரண்டாவது சான்று. திருமழபாடியில் பழைய வாசகங்களை மீண்டும் வெட்டுவித்த அதே இராசேந்திரன், கங்கைப் படையெடுப்புக்குப் பின் செயங்கொண்டத்துக்கு அருகில் புதிய தலைநகராக அமைத்த கங்கைகொண்ட சோழபுரத்தில், ஏறத்தாழ 55 மீட்டர் உயர விமானத்தோடு சிவன் கோயிலை எழுப்பினான். 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் தஞ்சைப் பெரிய கோயிலோடு சேர்க்கப்பட்ட அக்கோயிலின் விமானத்துத் தென்புறச் சுவரில் ஆடவல்லானுக்கு ஒரு கோட்டம், அதாவது சுவரில் குடைந்த மாடம், அமைந்துள்ளது. ஆடவல்லானைக் கோயிற் சுவரின் கோட்டத்தில் நிறுத்தும் வழக்கத்தைச் சோழநாட்டில் பரப்பியவர் செம்பியன் மாதேவியாரே. கங்கைகொண்ட சோழபுரத்தின் சிற்பத்தில் தூக்கிய திருவடியும் விரிந்த கைகளுமாக இறைவன் ஆட, காளியும் கணங்களும் சூழ, கீழே எலும்பெடுத்த மெலிந்த உடலோடு காரைக்கால் அம்மையார் அமர்ந்து தாளமிட்டுப் பாடுகிறார். அம்மையாரின் தலமாகிய திருவாலங்காட்டுக் கோயிலுக்குப் பழையனூரைக் கொடையாக அளித்துச் செப்பேடு வழங்கியவனும் இவ்வரசனே என்பதால், இந்த உருவம் தற்செயலாக இங்கே இடம்பெற்றதாகக் கொள்ள வேண்டியதில்லை.

இச்சிற்பம் சேக்கிழாருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முந்தியது. அதில் மாங்கனி இல்லை, கணவன் இல்லை, தலைகீழாகக் கயிலை ஏறும் காட்சியும் இல்லை. பாடுபவர், பாடப்படுபவர், பாடும் இடம் ஆகிய மூன்றே உள்ளன. அம்மையாரின் நூல்களுக்குள் இருப்பவையும் இவையே. ஆகவே கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பியைப் பாடல்களுக்கு நேரடியாகச் சென்று கல்லில் படியெடுத்தவராகக் கொள்ள இடமிருக்கிறது. அவர் எதிர்கொண்ட சிக்கலும் சிறியதன்று. உருவைக் காணவில்லை என்று சொன்ன ஒருவரை, அவர் காணவில்லை என்ற உருவின் காலடியிலேயே வடிக்க வேண்டியிருந்தது. அமர்ந்த இடத்தாலேயே சிற்பி அதைத் தீர்த்திருக்கிறார். கோட்டத்தின் முன் நிற்கும் பார்வையாளர் ஆடவல்லானை முழுமையாகக் காண்கிறார். அடியின் கீழ் அமர்ந்தவருக்கோ அந்த முழுமை எட்டாது, ஆட்டமும் தாளமும் மட்டுமே எட்டும். காண்பவரின் நிறைவும் காணாதவரின் அன்பும் ஒரே மாடத்துக்குள் நிற்பதால், அம்மையாரின் கேள்வி விடையாக மாற்றப்படாமல் கேள்வியாகவே கல்லில் ஏறியிருக்கிறது.

பெண் ஒருவரின் நூலை மறுபதிப்பாக்குவது எவ்வளவு இடர் நிறைந்தது என்பதற்குக் கொள்ளிடத்துக்குத் தெற்கே, பிற்காலத்தில் நிகழ்ந்த ஒன்று சான்று. திருமழபாடியில் பங்குனி மாதத்தில் நடக்கும் நந்தி திருமணத்துக்கு மாப்பிள்ளை வீடாக விளங்கும் திருவையாற்றில், தியாகராசரின் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952). தேவதாசி மரபில் வந்த இவ்விசைக் கலைஞர், 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் இருந்த முத்துப்பழனி என்ற பெண்கவி தெலுங்கில் இயற்றிய ‘ராதிகா சாந்த்வனமு’ என்ற காவியத்தைத் தேடிப் படித்தபோது, 1887இல் வெளியான அச்சுப் பதிப்பில் சில பாடல்களோடு, முத்துப்பழனி தம் தாய்வழி, பாட்டிவழி மரபைச் சொல்லும் முன்னுரைப் பகுதியும் விடப்பட்டிருப்பதைக் கண்டார். ராதையின் ஊடலைக் கண்ணன் தீர்ப்பதை, பெண்ணின் விழைவை மறைக்காமல் பாடிய அக்காவியத்தைச் சுவடியோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றைச் சேர்த்து 1910இல் வாவிள்ள அச்சகத்தின் வாயிலாக அவர் வெளியிட்டார். ஆபாசம் என்ற குற்றச்சாட்டின்பேரில் 1911இல் அரசு அதன் படிகளைக் கைப்பற்றியது. தங்குதூரி பிரகாசம் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோதுதான் தடை நீங்கியது. ஆண்கவிகள் எழுதிய சிருங்காரம் அறிஞர்களாலேயே அச்சிடப்பட்டு வரும்போது நாணம் என்ற அளவுகோல் பெண்ணுக்கு மட்டும் ஏன் என்பது அக்காவியத்தைப் பழித்த வீரேசலிங்கம் பந்துலு போன்றோரை நோக்கி நாகரத்தினம்மாள் எழுப்பிய வாதம்.

அம்மையாரின் நூலும் முத்துப்பழனியின் நூலும் உணர்வில் எதிரெதிர்த் துருவங்கள். ஒருவர் உடலின் அழகை முற்றாக ஒதுக்கிப் பாடினார், மற்றவர் அதன் விழைவையே இறைவனை அணுகும் வழியாகப் பாடினார். ஆயினும் மறுபதிப்பில் இருவருக்கும் நேர்ந்ததில் ஒற்றுமை உண்டு. முத்துப்பழனியின் நூலில் அவருடைய தன்கூற்று நீக்கப்பட்டது. அம்மையாரின் நூலில் தன்கூற்று நீக்கப்படாமல், அதற்கு முன்னே அதைவிடப் பெரிய பிறர்கூற்று ஒன்று வைக்கப்பட்டது. ஆண்டாளுக்கு நேர்ந்தது இன்னொரு வகை: 30 பாசுரங்களைக் கொண்ட திருப்பாவை மார்கழிதோறும் சிறு நூலாகத் தனித்து அச்சாகிக் கைகளில் தவழ, பெரியவாச்சான் பிள்ளை உரை கண்ட 143 பாசுரங்களின் நாச்சியார் திருமொழி, உடலின் ஏக்கத்தை வெளிப்படையாகச் சொல்வதால், திருமணத்தில் ஓதும் பகுதி தவிரப் பொதுவழக்கில் குறைவாகவே வந்து சேர்கிறது. நீக்கல், முன்வைத்தல், தெரிந்தெடுத்தல் என்ற இம்மூன்றிலும் ஓர் எழுத்தும் பொய்யாக்கப்படவில்லை. ஆனால் பாடியவர் எந்த இடத்திலிருந்து பேசினாரோ அந்த இடம் மாற்றப்பட்டிருக்கிறது. அருள்வாக்கு என்ற கொள்கையை ஏற்பவருக்கு இது இன்னும் முக்கியமானது. இறைவன் ஒருவரின் வாயைத் தேர்ந்து பாடுவித்தான் என்றால், அந்த வாய், அதன் தன்கூற்று, அது கேட்ட கேள்வி ஆகியவையும் அருளின் பகுதியே ஆகும். அவற்றைப் பின்னுக்குத் தள்ளிப் பொருளை மட்டும் காப்பது அருளில் பாதியைக் காப்பதாகும்.

இவ்வாதத்துக்குச் சைவ மரபிலிருந்து எழக்கூடிய மறுப்பு வலுவானது. பெரியபுராணம் வெறும் வாழ்க்கைக் குறிப்பன்று. அது பன்னிரண்டாம் திருமுறை, தில்லையில் இறைவன் அடியெடுத்துக் கொடுக்கப் பாடப்பட்டதாகக் கொள்ளப்படுவது. அம்மையாரின் வாக்கு அருள்வாக்கானால் சேக்கிழாரின் வாக்கும் அருள்வாக்கே; அதைப் பிற்காலச் சேர்க்கை என்று ஒதுக்க அடியாருக்கு உரிமை இல்லை. மேலும், மாங்கனியின் வரலாறு இல்லையேல் பொதுமக்கள் உள்ளத்தில் அம்மையாரின் பெயரே நிலைத்திருக்காது. ஆண்டுதோறும் ஆனியில் காரைக்காலில் நடக்கும் மாங்கனித் திருவிழாவில் கூடும் மக்கள் சேக்கிழாரின் வழியாகவே அம்மையாரை அறிகிறார்கள். இம்மறுப்பை முழுமையாக ஏற்றுக்கொண்டும் மேற்செல்ல வழி இருக்கிறது, அந்த வழியைத் திருமுறை வைப்பே காட்டுகிறது. மரபு அம்மையாரின் நூல்களைப் பதினொன்றிலும் சேக்கிழாரின் புராணத்தைப் பன்னிரண்டிலும் வைத்தது. பதினொன்றை ஓதிய பிறகு பன்னிரண்டுக்கு வருபவர், முதலில் அம்மையாரின் கேள்வியைக் கேட்டு, பின்னரே அக்கேள்வியைக் கேட்டவரைப் பற்றிய வரலாற்றை அடைகிறார். நூலின் முகப்பில் வரலாற்றை வைக்கும் அச்சு வழக்கம், திருமுறையின் வரிசையையே தலைகீழாக்கியிருக்கிறது. அதை நேராக்கக் கோருவது மரபுக்கு வெளியே நின்று சொல்லும் திருத்தமாகாது.

ஆகவே அம்மையாரின் நூல்களுக்கு இனி வரும் மறுபதிப்புகள் செய்ய வேண்டியவை அதிகமில்லை. நான்கு நூல்களையும் திருக்கடைக்காப்போடு, அவர் தம்மைக் குறித்துக்கொண்ட பெயரோடு, முதலில் நிறுத்த வேண்டும். சேக்கிழாரின் 66 பாடல்களை அவற்றின் பின்னே, சேக்கிழாரின் பெயரோடும் நூற்றாண்டோடும், சுருக்காமல் முழுமையாகவே சேர்க்கலாம். சொரூபம், தடத்தம் என்ற விளக்கம் வரும் இடத்தில் அது மெய்கண்டார் மரபின் விடை என்பதைக் குறித்துவிட வேண்டும். உரையாசிரியரின் புலமைக்கோ அடியாரின் பக்திக்கோ இதனால் எந்தக் குறைவும் வராது. இறைவனின் உரு எது என்ற கேள்விக்கு விடை தெரிந்தவராகப் படிப்பவர் அந்தாதிக்குள் நுழைந்தால், அவர் அதில் தமக்கு முன்பே தெரிந்ததையே மீண்டும் படித்து முடிப்பார். விடை தெரியாதவராக நுழைந்தால், காணாமலே ஆட்பட்ட ஒருவரின் அன்பு எதைப் பற்றி நின்றது என்று தாமே தேட வேண்டிவரும். அந்தத் தேடலுக்கு இடம் விடுகிற பதிப்பே அம்மையாரின் வாக்கை மாறாமல் கைமாற்றித் தருகிறது.